சோதனையும் ஔடத தானமே

(மகாவீரர் பிறந்தநாள் விழாவையொட்டித் திருத்தணியில் நடைபெற்ற மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மருத்துவம் பயின்றவள் அல்லள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள். எனினும், கடந்த சில ஆண்டுகளாக உறவினரும் பழைய மாணவியரும் மருத்துவ அறிக்கைகளைக் கையில் எடுத்து வந்து, "இதில் என்ன எழுதியிருக்கிறது, டீச்சர்?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அவற்றுள் பல மார்பகப் புற்றுநோய் பற்றியவை. அவ்வறிக்கைகளில் கண்ட ஒரு வரி என்னை மிகுதியும் சிந்திக்க வைத்தது. 'ஹெர்-2: 2+' என்பது அவ்வரி. அதன் பொருளை மருத்துவர்களிடமும் ஆய்வகத்தாரிடமும் கேட்டுக் கேட்டு அறிந்துகொண்டேன். அறிந்ததைத் தமிழில் உங்கள்முன் வைப்பதும், அதன் முடிவில் நம் அறக்கட்டளைக்கு ஒரு விண்ணப்பம் செய்துகொள்வதும் இவ்வுரையின் நோக்கம்.

இத்தகைய பொருளை விழா மேடையில் பேசலாமா என்று சிலர் தயங்கக்கூடும். உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டின்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்கள் 1,90,000 பேருக்கு மேல். நம் நாட்டுப் பெண்களிடையே முதலிடம் பெற்றிருக்கும் புற்றுநோய் இதுவே. இத்தனை பெண்களைத் தொடும் ஒன்றைப் பற்றிக் கூச்சத்தால் வாய் மூடியிருப்பது அறமாகாது. உடன்பிறந்த சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், அத்துயரத்தை வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை. பல ஆண்டுகள் ஊரறியப் பேசினார், நிதி திரட்டினார். அதன் பயனாக 1954ஆம் ஆண்டில் அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. அடுத்த ஆண்டிலேயே அங்குப் பணியில் சேர்ந்த டாக்டர் வி. சாந்தா அம்மையார், 2021இல் மறையும்வரை அந்நிறுவனத்தையே தம் இல்லமாகக் கொண்டு வாழ்ந்தார். அவர்கள் பேசியதனால்தான் நாம் இன்று பிழைக்க வழி தெரிந்தவர்களாக இருக்கிறோம்.

இனிப் பொருளுக்கு வருவோம்.

மார்பகப் புற்றுநோய் என்று ஒரே பெயரால் அழைத்தாலும் அது ஒரே நோய் அன்று. பெண்மைச் சுரப்புகளின் தூண்டுதலால் வளரும் கட்டிகள் ஒரு வகை. ஹெர்-2 என்னும் புரதத்தின் மிகுதியால் வளர்பவை மற்றொரு வகை. இவ்விரண்டும் ஒருசேர அமைந்தவை உண்டு. இரண்டும் இல்லாதவையும் உண்டு. வெளியிலிருந்து தொட்டுப் பார்த்தோ படம் எடுத்துப் பார்த்தோ இவ்வேறுபாட்டைக் காண இயலாது. கட்டியிலிருந்து எடுத்த திசுவை ஆய்வகத்தில் சோதித்தே அறிய வேண்டும். வகை தெரியாமல் மருந்து கொடுப்பது, முகவரி எழுதாத கடிதத்தை அஞ்சற்பெட்டியில் இடுவது போன்றது.

ஹெர்-2 என்பது யாது? நம் உயிரணுக்களின் மேற்பரப்பில், வளர்ச்சிக்கான கட்டளைகளைப் பெற்று உள்ளே அனுப்பும் ஏற்பிகள் பல இருக்கின்றன. அவற்றுள் ஒன்று ஹெர்-2. அதனை உருவாக்கும் குறிப்பு, 17ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது. தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என ஒவ்வோர் உயிரணுவிலும் அம்மரபணுவுக்கு இரண்டு படிகள் இருப்பது இயல்பு.

'படி' என்னும் சொல்லை நான் வேண்டுமென்றே ஆளுகிறேன். ஏட்டுச்சுவடிகளைப் படியெடுத்துக் காத்த மரபில் வந்தவர்கள் நாம். உ.வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்தபோது, பல சுவடிகளைத் தேடி ஒப்பிட்டார்; கும்பகோணத்துச் சமணர்களிடம் சென்று பொருள் கேட்டுத் தெளிந்தார். 1887ஆம் ஆண்டில் அந்நூல் அச்சேறியது. சுவடியைப் படியெடுப்பவர் ஓர் ஏட்டை ஒருமுறை எழுதி அடுத்த ஏட்டுக்குச் செல்ல வேண்டும். அவ்வாறன்றி ஒரே ஏட்டைப் பத்து முறை, இருபது முறை எழுதிச் சேர்த்துக் கட்டிவிட்டால் அந்நூல் என்னாகும்? அந்த ஓர் ஏட்டின் செய்தியே நூல் முழுவதும் ஒலிக்கும். சில புற்றுநோய்க் கட்டிகளில் நிகழ்வது இதுவே. ஹெர்-2 மரபணு இரண்டு படிகளோடு நில்லாமல் பலவாகப் பெருகிவிடுகிறது. மரபணு பெருகவே புரதமும் பெருகுகிறது. 'வளர், வளர்' என்னும் கட்டளை ஓயாது உள்ளே செல்கிறது. இதனை மரபணுப் பெருக்கம் என்கின்றனர்.

சிந்தாமணி அச்சான ஆண்டிற்குச் சரியாக நூறாண்டு கழித்து, 1987ஆம் ஆண்டில், அமெரிக்க மருத்துவர் டென்னிஸ் ஸ்லாமனும் அவருடன் உழைத்த ஆய்வாளர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். 189 பெண்களின் மார்பகக் கட்டிகளை ஆராய்ந்து, இம்மரபணு பெருகியிருந்தவர்களுக்கு நோய் விரைவில் திரும்புகிறது, வாழ்நாள் குறைகிறது என்று காட்டினர். அப்போது அது துன்பச் செய்தியாகவே இருந்தது. ஆனால், நோயின் முதல் எதுவெனத் தெரிந்தபின் அதனைத் தடுக்கும் வழியும் பிறந்தது. பெருகிய ஹெர்-2 புரதத்தைத் தேடிச் சென்று பற்றிக்கொள்ளும் டிராஸ்டுசுமாப் என்னும் மருந்து 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. தொடக்கநிலை நோயாளர்களுக்கு அறுவைக்குப்பின் கீமோ மருந்துகளோடு இதனையும் சேர்த்துக் கொடுத்தால், நோய் மீள வரும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்று 2005இல் வெளியான பெரிய ஆய்வுகள் காட்டின. 2015இல் உலகச் சுகாதார நிறுவனம் இதனை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டிலும் பெங்களூரின் பயோகான் நிறுவனம் இதற்கு நிகரான மருந்தை உருவாக்கி, 2014இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மிகக் கொடியதாகக் கருதப்பட்ட வகையே, மருந்துக்கு நன்கு பணியும் வகையாக மாறியது.

ஆனால், ஒன்றை மறந்துவிடலாகாது. மார்பகப் புற்றுநோயாளர் நூற்றுவருள் ஏறத்தாழப் பதினைந்து முதல் இருபது பேருக்கே ஹெர்-2 மிகுதி உண்டு. அவர்களுக்கு இம்மருந்து உயிர் காக்கும். மற்றவர்களுக்கு இது பயனற்ற செலவு. இதயத்தின் வலிமையைக் குறைக்கும் தீங்கும் இதற்கு உண்டாகையால், இதனைப் பெறுவோர்க்கு இடையிடையே இதயத்தை எக்கோ செய்து பார்க்கின்றனர். ஆக, சோதனை இரு வகையிலும் தவறலாகாது. இல்லாததை உண்டென்றால், ஒரு பெண்ணுக்கு ஓராண்டுக் காலம் வீண் மருந்தும் வீண் செலவும். உள்ளதை இல்லையென்றால், அவள் பிழைக்கும் வழி ஒன்று அவளறியாமலே அடைபடுகிறது. இத்தகைய தீர்ப்பு, சுண்டுவிரல் நகத்தினும் சிறிய ஒரு துண்டுத் திசுவைச் சார்ந்து நிற்கிறது.

அத்துண்டின் பயணத்தைச் சிறிது பின்தொடர்ந்து செல்வோம்.

கட்டி இருப்பது தெரிந்தவுடன், தடித்த ஊசியால் மெல்லிய இழை போன்ற சில திசுத் துண்டுகளை எடுக்கின்றனர். இதனைக் கோர் பயாப்சி என்பர். மெல்லிய ஊசியால் உயிரணுக்களை மட்டும் உறிஞ்சி எடுக்கும் சோதனை வேறு; கட்டி புற்றா அன்றா என்று முதலில் அறிய அது உதவும். ஹெர்-2 சோதனைக்குத் திசுத் துண்டே சிறந்தது. எடுத்த துண்டை ஒரு மணி நேரத்திற்குள் ஃபார்மலின் கரைசலில் இட வேண்டும். பத்து விழுக்காடு வலிமையுள்ள, காரமும் அமிலமும் சமன்செய்யப்பட்ட கரைசலாக அது இருத்தல் வேண்டும். அதனுள் திசு 6 மணி நேரத்திற்குக் குறையாமலும் 72 மணி நேரத்திற்கு மேற்படாமலும் ஊறவேண்டும். குறைந்தால் திசு பதப்படாது. மிகுந்தால் சோதனைக்குரிய புரதம் மறைபட்டுப் போகும். அறுவையில் எடுத்த பெரிய கட்டியாயின், அதனை முழுதாக ஒரு சிறு புட்டியில் திணித்து வைத்தல் கூடாது. உள்ளே கரைசல் ஊறும்படி கீறிவிட வேண்டும். திசுவின் அளவைப்போல் பத்து மடங்கு கரைசல் வேண்டும். ஊறுகாய் போடத் தெரிந்த தாய்மார்களுக்கு இதனை நான் விளக்க வேண்டியதில்லை. உப்பு உள்ளே இறங்காத மாங்காயின் நடுப்பகுதி எப்படிக் கெடும் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

பதப்பட்ட திசுவைப் பாரஃபின் மெழுகில் பொதிந்து சிறு கட்டியாக்குகின்றனர். மருத்துவமனைகளில் இதனை 'பிளாக்' என்பர். தீப்பெட்டியினும் சிறியது அது. அதிலிருந்து நான்கைந்து மைக்ரான் தடிப்பில் மெல்லிய சீவல்களை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பரப்புகின்றனர். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அச்சீவல்களுக்குச் சாயமேற்றி நுண்ணோக்கி வழியே பார்த்து, நோயின் வகையையும் தரத்தையும் நோய்க்குறியியல் மருத்துவர் கூறுகிறார். நோயாளி அவர் முகத்தை ஒருநாளும் காண்பதில்லை. எனினும், சிகிச்சையின் திசையை முடிவு செய்வதில் அவர் பங்கு பெரிது.

அடுத்ததாக ஹெர்-2 சோதனை. இது பெரும்பாலும் இரண்டு படிநிலைகளில் நடைபெறுகிறது. முதல் நிலைக்கு ஐ.எச்.சி. என்று பெயர். ஹெர்-2 புரதத்தை மட்டும் பற்றும் எதிர்ப்பொருளைச் சீவலின்மேல் இட்டு, அது பற்றிய இடம் பழுப்பு நிறமாகத் தெரியும்படி செய்கின்றனர். உயிரணுவின் விளிம்பில் நிறம் எவ்வளவு அடர்ந்திருக்கிறது, எத்தனை உயிரணுக்களில் இருக்கிறது என்று பார்த்து 0, 1+, 2+, 3+ என மதிப்பிடுகின்றனர். பத்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட புற்றணுக்களில் விளிம்பு முழுவதும் அடர்நிறமாகச் சூழ்ந்திருந்தால் 3+. ஹெர்-2 மிகுதி உண்டு என்பது உறுதி. 0, 1+ ஆகியவை மிகுதி இல்லை என்பதைக் காட்டும்.

இடையில் நிற்பது 2+. தாய்மார்களே, இதனை நன்கு நினைவில் கொள்ளுங்கள். 2+ என்பது 'பாதி நோய்' அன்று. 'கொஞ்சம் இருக்கிறது' என்பதும் அன்று. மூன்றுக்கு இரண்டு மதிப்பெண் வாங்கியதும் அன்று. 'என் கண்ணால் முடிவு செய்ய இயலவில்லை. மேலும் சோதிக்க' என்று ஆய்வகம் எழுதும் குறிப்பு அது. அது விடை அன்று, வினா.

நம் ஊரைக்கொண்டே இதனை விளக்கலாம். ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி மலையடிவாரத்தில் நின்றால், காவடி எடுத்து வருவோரின் ஆரவாரம் கேட்கும். ஓசை மிகப் பெரிதாயின் கூட்டம் மிகுதி என்று உறுதியாகச் சொல்லலாம். ஓசையே இல்லையெனில் கூட்டம் இல்லை எனலாம். நடுத்தரமான ஓசை கேட்டால்? சிலர் கூடி உரக்கக் கூவலாம். பலர் கூடி அமைதியாகச் செல்லலாம். அப்போது 365 படிகளின் ஓரத்தில் நின்று தலைகளை எண்ணுவதே வழி. ஐ.எச்.சி. என்பது ஓசையைக் கேட்பது. அடுத்த சோதனை தலைகளை எண்ணுவது.

எண்ணும் அச்சோதனைக்கு 'ஃபிஷ்' என்று பெயர். பெயரைக் கேட்டு நம் வீட்டுப் பாட்டிமார்கள் அஞ்ச வேண்டா. மீனுக்கும் அதற்கும் எவ்வகைத் தொடர்பும் இல்லை. நீண்டதோர் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் அவை. ஹெர்-2 மரபணுவைத் தேடிச் சென்று ஒட்டும் ஒளிர்பொருள் ஒன்றையும், 17ஆம் குரோமோசோமின் நடுப்பகுதியில் ஒட்டும் ஒளிர்பொருள் மற்றொன்றையும் திசுவின்மேல் இடுகின்றனர். இருட்டறையில் சிறப்பு நுண்ணோக்கியில் பார்த்தால், மரபணு செந்நிறப் புள்ளியாகவும் குரோமோசோமின் அடையாளம் பச்சைப் புள்ளியாகவும் மின்னும். குறைந்தது இருபது புற்றணுக்களில் இரு நிறப் புள்ளிகளையும் எண்ணி, விகிதம் காண்கின்றனர்.

சான்றாக, இருபது அணுக்களில் செம்புள்ளிகள் 120, பச்சைப் புள்ளிகள் 40 என்று கொள்வோம். விகிதம் 3, ஓர் அணுவுக்குச் சராசரியாக மரபணுப் படிகள் 6. இது பெருக்கம். வேறொருவர்க்குச் செம்புள்ளிகள் 44, பச்சைப் புள்ளிகள் 40 எனில், விகிதம் 1.1, சராசரிப் படிகள் 2.2. இங்குப் பெருக்கம் இல்லை. விகிதம் 2 அல்லது அதற்கு மேலும், சராசரிப் படிகள் 4 அல்லது அதற்கு மேலும் இருந்தால் பெருக்கம் உண்டு என்பது நெறி. இவ்விரண்டும் ஒத்துவராத சில நிலைகளில் ஐ.எச்.சி. முடிவையும் சேர்த்துப் பார்த்தே தீர்ப்பு எழுதுகின்றனர். அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கமும் அந்நாட்டு நோய்க்குறியியலர் கல்லூரியும் இணைந்து 2007இல் இந்நெறிகளை வகுத்து, 2013இலும் 2018இலும் திருத்தின. உலகெங்கும் ஆய்வகங்கள் பெரிதும் பின்பற்றுவது இவற்றையே.

அளவும் விகிதமும் மருத்துவத்தின் உயிர் என்பது நமக்குப் புதிய செய்தி அன்று. மருந்தின் பெயரையே நீதிநூலுக்குச் சூட்டியவர்கள் நம் சமணச் சான்றோர். காரியாசான் இயற்றியது சிறுபஞ்சமூலம். கணிமேதாவியார் இயற்றியது ஏலாதி. ஏலாதி என்னும் மருந்தில் ஏலம் ஒரு பங்கு, இலவங்கப்பட்டை இரண்டு, நாககேசரம் மூன்று, மிளகு நான்கு, திப்பிலி ஐந்து, சுக்கு ஆறு பங்கு என்று அளவு கூறுவர். அளவு பிறழ்ந்தால் அதே பொருள்கள் மருந்தாகா. அன்று தராசில் கண்ட அளவை இன்று நுண்ணோக்கியில் காண்கின்றனர், வேறுபாடு அவ்வளவே.

இச்சோதனை தவறும் இடங்கள் பெரும்பாலும் பெரிய ஆய்வகங்களில் இல்லை. அங்குத் திசு சென்று சேரும் வழியில் இருக்கின்றன. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நிகழ்ந்ததைக் கூறுகிறேன். அப்பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். பயாப்சி ஒரு நகரத்தில் நடந்தது. அறுவை வேறொரு சிற்றூர் மருத்துவமனையில் நடந்தது. அகற்றிய கட்டியை ஒரு புட்டியில் இட்டு, "ஆய்வகத்தில் கொடுத்துவிடுங்கள்" என்று மகனிடம் தந்தனர். புட்டியில் இருந்தது ஃபார்மலின் அன்று, சலைன். அன்று மாலை ஆய்வகம் மூடிவிட்டது, மறுநாள் விடுமுறை. மூன்றாம் நாள் சென்று சேர்ந்த திசு பெரிதும் சிதைந்திருந்தது. முன்னர் எடுத்த பயாப்சியின் அறிக்கையில் ஹெர்-2 பகுதியில் 2+ என்றும், ஃபிஷ் சோதனை செய்க என்றும் இருந்தது. "இரண்டுதானே, மூன்று இல்லையே, இதற்கு மேலும் எதற்குச் செலவு?" என்று உறவினர் ஒருவர் கூற, அவ்வறிக்கை அலமாரிக்குள் சென்றுவிட்டது.

கீமோ சிகிச்சைக்குச் சென்ற இடத்தில் ஓர் இளம் மருத்துவர் பழைய தாள்களை எல்லாம் கேட்டு வாங்கிப் படித்தார். பயாப்சியின் மெழுகுக் கட்டி முதல் ஆய்வகத்திலேயே பத்திரமாக இருந்தது. அதனை வரவழைத்து ஃபிஷ் சோதனைக்கு அனுப்பினர். மரபணு பெருகியிருந்தது. உரிய மருந்து காலத்தில் தொடங்கப்பெற்றது. இன்று அவ்வம்மையார் தம் வீட்டு வேலைகளைத் தாமே செய்துகொண்டு நலமாக இருக்கிறார். யாரையும் பழிப்பதற்காக இதனைக் கூறவில்லை. முறையாகப் பதப்படுத்திய ஒரு சிறு துண்டு ஓரிடத்தில் காக்கப்பட்டிருந்ததும், அத்தாளை ஒருவர் பொறுமையாகப் படித்ததும் ஓர் உயிர்க்கு வழி திறந்தன என்பதைக் காட்டவே கூறினேன்.

எல்லையோர ஊரில் வாழும் நமக்கு இதில் ஒரு தனி இடர் உண்டு. நம்மவர் மருத்துவத்திற்கு ஒரே திசையில் செல்வதில்லை. சிலர் அரக்கோணம் வழியே சென்னைக்கு, சிலர் வேலூர்க்கு, சிலர் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அரசு அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனைக்கு, தெலுங்கு நாட்டில் உறவுடையோர் திருப்பதிக்கு. பயாப்சி ஓரிடம், அறுவை ஓரிடம், கீமோ ஓரிடம் என்று சிதறும்போது அறிக்கைகளும் சிதறுகின்றன. ஆகையால், ஒவ்வொரு குடும்பத்தாரும் சிலவற்றைக் கடைப்பிடிக்க வேண்டுகிறேன்.

முதலாவது, திசுவை எடுக்கும் முன்பே, "ஃபார்மலின் ஆயத்தமாக உள்ளதா? எப்போது ஆய்வகம் சேரும்?" என்று கேளுங்கள். புட்டியின்மேல் பெயரோடு, திசு எடுத்த நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். நீண்ட விடுமுறைக்கு முந்திய மாலையில் அவசரமற்ற அறுவையை வைத்துக்கொள்ள நேர்ந்தால், திசுவை யார் கவனிப்பார் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, அறிக்கையில் ஹெர்-2 வரியைத் தேடிப் படியுங்கள். 2+ என்றிருந்தால் "ஃபிஷ் எப்போது?" என்று கேட்காமல் அவ்வறையை விட்டு எழாதீர்கள். சோதனைக்கு நோயாளி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மெழுகுக் கட்டி சென்றால் போதும். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி, மும்பையின் டாடா நினைவு மருத்துவமனை போன்ற பெரிய நிலையங்களில் இச்சோதனை செய்கின்றனர்.

மூன்றாவது, மெழுகுக் கட்டி எந்த ஆய்வகத்தில், எந்த எண்ணில் இருக்கிறது என்பதைக் குறித்து வையுங்கள். வீட்டுப் பத்திரத்தைப் போல் அவ்வெண்ணைக் காத்திடுங்கள். ஆண்டுகள் கழித்துப் புதிய மருந்து வரும்போது, பழைய கட்டியே மீண்டும் சான்று சொல்லக்கூடும். நோய் திரும்பினாலோ வேறு உறுப்பில் தோன்றினாலோ, இயலுமாயின் புதிய திசுவையும் சோதிக்க வேண்டும். ஹெர்-2 நிலை சிலருக்கு மாறுவது உண்டு.

நான்காவது, 'நெகட்டிவ்' என்னும் ஒரு சொல்லோடு நிறைவடையாதீர்கள். 0, 1+, 2+ ஆகியவற்றுள் எது என்பதும் அறிக்கையில் இருக்க வேண்டும். 1+ உடையோரும், 2+ இருந்து ஃபிஷ் சோதனையில் பெருக்கம் காணாதோரும், நோய் பரவிய நிலையில் டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான் என்னும் புதிய மருந்தால் பயன் பெறுகின்றனர் என்பது 2022இல் வெளியான ஆய்வால் தெரிந்தது. அதுவரை பொருளற்றதாய்க் கருதிய 1+ அன்று பொருளுடையதாயிற்று. இரைப்பைப் புற்றுநோய் முற்றிய சிலருக்கும் ஹெர்-2 சோதனை உதவுகிறது. ஆகவே இது பெண்களுக்கு மட்டுமே உரிய செய்தி அன்று.

நம் குடும்பங்களில் எழும் வேறொரு கேள்வியையும் தவிர்த்துவிட்டுப் போதல் முறையன்று. "இம்மருந்து உயிர்க்கொலையால் வருவதா?" என்று ஒரு மூதாட்டியார் என்னிடம் கேட்டார். அறிந்ததை மறைக்காமல் கூறுகிறேன். டிராஸ்டுசுமாப், சீன வெள்ளெலி ஒன்றின் சூலகத்திலிருந்து 1957ஆம் ஆண்டில் எடுத்த உயிரணுக்களின் வழிவந்த அணுக்களில் உருவாக்கப்படுகிறது. அவ்வணுக்கள் அன்று முதல் ஆய்வகக் கலங்களிலேயே பெருகி வருகின்றன; ஒவ்வொரு முறை மருந்து செய்யவும் ஒரு விலங்கைக் கொல்வதில்லை. சோதனைக்கு உதவும் எதிர்ப்பொருள்களும் முயல் முதலியவற்றின் வழி வந்தவை. இல்லறத்தார்க்கு அணுவிரதம், துறவறத்தார்க்கு மகாவிரதம் என்று நம் நெறி அவரவர் நிலைக்கேற்ப வேறுபடுத்தி வைத்துள்ளது. மருந்தை ஏற்பதும் மறுப்பதும் நோயுற்றவரின் முடிவு. மகனோ கணவனோ அவர்க்காக முடிவு செய்தல் ஆகாது. ஆனால், அம்முடிவு உண்மையை அறிந்தபின் எடுத்த முடிவாக இருத்தல் வேண்டும். தம் நோயின் வகை இன்னதென்றே அறியாதவர், எதனை ஏற்கிறார், எதனை மறுக்கிறார் என்று எங்ஙனம் கூற இயலும்? நற்காட்சிக்கும் நல்லொழுக்கத்திற்கும் இடையே நன்ஞானத்தை வைத்தவர்கள் நம் முன்னோர்.

இறுதியாக என் விண்ணப்பம். ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என நான்கு தானங்களை நாம் போற்றுகிறோம். இவற்றுள் ஔடத தானத்திற்கு நம்மவர் என்றும் கை சுருக்கியதில்லை. "மருந்து வாங்கப் பணமில்லை" என்று ஓர் ஏழைத் தாய் வந்து நின்றால் நூறு கைகள் நீளும். ஆனால், "சோதனைக்குப் பணமில்லை" என்றால், "சோதனை மேல் சோதனையாக எழுதுகிறார்களே" என்னும் சலிப்பே முதலில் எழுகிறது. தேவையற்ற சோதனைகளும் நாட்டில் உண்டு, மறுக்கவில்லை. எனினும், 2+ என்று வந்த ஒரு பெண்ணுக்கு ஃபிஷ் சோதனை தேவையற்றது அன்று. அவள் சிகிச்சையின் கதவு அது. மருந்துக்கு மட்டும் கொடுத்துச் சோதனைக்குக் கொடுக்காமல் இருப்பது, விளக்குக்கு எண்ணெய் வார்த்துவிட்டுத் திரியை மறப்பது போன்றது.

ஆகையால், நம் அறக்கட்டளையின் மருத்துவ உதவி நிதியில் ஒரு சிறு பகுதியைத் திசுச் சோதனைகளுக்கென்றே ஒதுக்க வேண்டுகிறேன். அதனினும் எளிய ஒன்றும் உண்டு. நம் இளைஞர்களுள் ஐந்தாறு பேர் முன்வந்தால் போதும். பயாப்சித் திசுவையோ மெழுகுக் கட்டியையோ காலம் தாழ்த்தாமல் உரிய ஆய்வகத்தில் சேர்க்கவும், அறிக்கையை வாங்கி வந்து மருத்துவரிடம் காட்டவும், ஆங்கிலம் அறியாத தாய்க்கு அதனைத் தமிழிலோ தெலுங்கிலோ எடுத்துரைக்கவும் அவர்கள் உதவலாம். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. பேருந்துக் கட்டணமும் பொறுமையும் வேண்டும். உதவி பெறுவோர் நம் சமயத்தாராகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. மலைக்குக் காவடி எடுத்து வரும் தாயின் கட்டியும் இதே மெழுகில்தான் பொதியப்படுகிறது. அறிக்கைகளைப் படித்துப் பொருள் கூறும் பணியை, என் கண் ஒளி உள்ளவரை நானும் செய்வேன். ஞாயிறுதோறும் காலையில் என் வீட்டுத் திண்ணை அதற்குத் திறந்திருக்கும்.

தாய்மார்களே, இன்று வீடு சென்றதும் உங்கள் மகளிடமும் மருமகளிடமும் இரண்டைச் சொல்லுங்கள். மார்பில் கட்டி தென்பட்டால் மறைக்காதே. சோதித்த அறிக்கை வந்தால் முழுதும் படிக்காமல் மடித்து வைக்காதே. இவ்வளவே நான் வேண்டுவது.